அவரைத்தின்னி

என் தம்பி ஃபொதே ஒரு தங்கக் கட்டியால் செத்தான் என்று எங்கள் தலைநகர் நியானியில் பேசிக்கொள்கிறார்கள். பொய். ஒரே ஒரு சொல்லைச் சொல்ல மறுத்துச் செத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுரங்கத்தில் கிடைக்கும் தங்கத்தில் தூள் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு, கட்டியெல்லாம் எங்கள் ராஜா மன்ஸாவுக்கு. மக்காவுக்குப் போய்வந்த தம்பிக்கு மட்டும் இந்தச் சட்டம் பிடிக்காமல் போயிற்று. உப்புக்கு மாற்றாகக் கிடைத்த கட்டியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டான். "பூமி அல்லாஹ்வோடது. அதுல கிடைச்சது மட்டும் எப்படி மன்ஸாவோடது ஆகும்?" என்று சந்தையில் நின்று வேறு கேட்டான். மறுநாளே அரண்மனையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அக்கா நானும் கூடப் போனேன்.

மன்ஸா சபையில் உரக்கப் பேச மாட்டார். அவர் முணுமுணுப்பதைக் கெம்பா என்பவன் சத்தமாகச் சொல்வான். அவர் முன்னால் போகிறவர்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்டுக்கொண்டேன். தம்பி மரம் மாதிரி நின்றான்.

"மண்ணைப் போட்டுக்கிட்டு மன்னிப்புக் கேளு" என்றான் கெம்பா.

"தலை குனியறது அல்லாஹ்வுக்கு மட்டும்தான்."

வாள்காரன் எழுந்தான். நாங்கள் தராவ்ரே குலம், கெம்பா கொனே குலம். இரண்டும் கேலிமுறை. பார்க்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் 'அவரைத்தின்னி' என்று ஏசுவோம். கோபப்படக் கூடாது. மரியாதையாகப் பேசினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். முறைக்காரன் ரத்தம் சிந்தவும் விடக் கூடாது. மன்ஸாவே இதற்கு மரியாதை கொடுப்பார். அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"டேய் கெம்பா, அவரைத்தின்னிப் பயலே! உன் வயித்துச் சத்தத்துல மன்ஸா பேச்சே எங்க காதுல விழல!"

கெம்பா உடனே புரிந்துகொண்டான்.

"வந்துட்டா பாருங்க எங்க வீட்டு அடிமை! இவங்க வீட்டுப் பானையிலயும் அவரை, பெட்டியிலயும் அவரை. தங்கத்துக்கு எங்க போவாங்க மன்ஸா? பள்ளிவாசலுக்கு இவன் குடுத்தது அவரைக்கொட்டையாத்தான் இருக்கும்!"

மன்ஸா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முணுமுணுத்தார். கெம்பாவின் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. "கட்டி அரண்மனைக்கு வந்துரணும். மண்ணு வேண்டாம். இவன் கெம்பாவை ஒரு தடவை முறைப்படி 'அவரைத்தின்னி'ன்னு ஏசிட்டு வீட்டுக்குப் போகலாம்."

"சொல்லுடா ஃபொதே" என்று கெஞ்சினேன். "ஒரு வார்த்தைதானேடா!"

"காபா முன்னால துவா கேட்ட வாய் இது, இதுல அசிங்கம் வராது. காஃபிர் காலத்து முறை இதெல்லாம். இவன் எனக்கு யாரும் இல்ல."

பாவிப்பயல்! கெம்பா கட்டிய பாலத்தை இவனே வெட்டிவிட்டான்.

சிரிப்பு நின்றது. மன்ஸா மறுபடி முணுமுணுத்தார். கெம்பா வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. முறை முறிந்தது தம்பியால்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் கெம்பா ஊமையாக நின்றிருக்கலாம், மண்ணில் விழுந்து புரண்டிருக்கலாம். கடைசியில் வாயைத் திறந்து, என் தம்பியை வெட்டச் சொன்ன ஆணையைச் சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

மூன்றாம் நாள் கெம்பா துக்க வீட்டுக்கு வந்தான். சாவு வீட்டில் கோமாளித்தனம் செய்து அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது கேலிமுறைக்காரன் கடமை. அவித்த அவரைப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஏ அவரைத்தின்னி! அழுதது போதும், எழுந்து தின்னு!" நான் திருப்பி ஏசுவதற்காகக் காத்து நின்றான். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

"வாங்க ஐயா, உக்காருங்க" என்றேன்.

நாற்பது வருஷத்தில் அவனுக்கு நான் மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை.