நீலத் தரையில் படிந்த படலம்

என் அக்காவின் கணவர் பாதி நகரத்துக்கு டைல்ஸ் ஒட்டியவர். சொந்த வீட்டில் மட்டும் வெகுகாலம் சிமெண்ட் தரைதான். ஒருவழியாக அக்கா ஆசைப்பட்ட நீலத்தில் கூடம் முழுக்க ஒட்டி, இடுக்குகளை அடைக்கும் கிரவுட் என்ற வெள்ளைச் சாந்தைப் பூசினார். டைல்ஸ்மேல் படிந்ததை ஈரம் காய்வதற்குள் ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்து அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டியதாயிற்று. திரும்பி வருவதற்குள் தரை முழுக்க வெள்ளைப் படலமாக இறுகிவிட்டது.

பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனித் திரும்பாது என்று மாமாவிடம் மட்டும் டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவே ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரே மங்கலா இருக்கு. நீலமே தெரியலையே."

"அது படலம்மா. எடுத்துடலாம்."

அதில் பொய் ஒன்றுமில்லை. மனிதர் அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார்.

வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, நைலான் நாரால் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில், தன் வீட்டுக் கூரையில் நீலம் இறங்குகிறது என்று கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார். நானும் போய்ப் பார்த்தேன். லேசான நீலம்தான், பெரிதுபடுத்த ஒன்றுமில்லை.

தரை பளபளத்தது. அக்காவுக்கு மங்கல் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார் மாமா. தரை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று வருகிறவர்கள் உளறிவிடக் கூடாதே என மறுபடி கிரவுட்டைக் கரைத்து மெல்லிசாகப் பூசினார். நிலைக்கண்ணாடியும் மங்கல் என்றாள். அதற்கும் பூசினார். ஜன்னல், டம்ளர், சுவர்க் கடிகாரம் எதுவும் தப்பவில்லை. காலையில் பூசுவார், மாலையில் சுரண்டுவார். நான் போனபோது, துடைத்துத் தருகிறேன் என்று என் மூக்குக்கண்ணாடியை வாங்கி, அதற்கும் ஒரு பூச்சு பூசிக் கொடுத்தார்.

"அக்கா கேட்டா பார்த்ததைச் சொல்லு மச்சான். நீ பொய் சொல்லவேணாம்."

அவர் வினிகர் வாங்கக் கடைக்குப் போனதும் அக்கா கேட்டாள்.

"உனக்கும் பூசிட்டாரா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நகத்தால் சுரண்டினேன்.

"கண்ணுதானடா போச்சு, கை இருக்குல்ல. அவர் வெளிய போறப்பல்லாம் தரையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு நாள் வழுவழுன்னு இருந்துச்சு. மறுநாள் பார்த்தா திரும்பச் சொரசொரப்பு. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"தெரியும்னு சொல்லிடேன் அக்கா. மனுஷன் விரல்ல தோலே இல்ல."

"சொன்னா நிறுத்திடுவார். நிறுத்திட்டு என்ன செய்வார்? என் பக்கத்துல உட்கார்ந்து அழுவார். அதைப் பார்க்க எனக்குக் கண்ணு வேற இல்ல."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாமா பாட்டிலோடு வந்தார். "எப்படிம்மா இருக்கு இப்ப?"

"பரவாயில்லைங்க. அந்த மூலையில மட்டும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு பாருங்க."

அவள் விரல் நீட்டிய இடத்தில் டைல்ஸே இல்லை. மர வாசற்படியும் அதன்மேல் நான் கழற்றிப் போட்ட செருப்பும்தான் இருந்தன. மாமா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, முட்டி போட்டு, மரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.