தாய்மாமன் மடி

என் தங்கை நித்யஸ்ரீக்குக் குழந்தை பிறந்து, தொட்டில் சீர் கொண்டுபோக நாள் குறித்தபோது நான் ஒரு முடிவு செய்தேன். எல்லாத் தாய்மாமனும் கொடுக்கிற வெள்ளிக் கிண்ணம், அரைஞாண், தொட்டில் எல்லாம் இருக்கட்டும். அதோடு எங்கள் ஒறம்பரை சொந்தங்களில் யாருமே கொடுக்காத ஒன்றையும் கொடுக்க வேண்டும். காந்திபுரத்தில் ஒரு கடையில் பேபி சீட் பார்த்தேன். காரில் குழந்தையை உட்கார வைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் மாட்டுகிற சீட். சிவப்பும் கறுப்புமாகக் கம்பீரமாக இருந்தது. சீர்த் தட்டுகளுக்கு நடுவில் அதை வைத்தபோது வெள்ளிக் கிண்ணத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடியோக்காரர் அதை மூன்று முறை சுற்றிவந்து எடுத்தார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அதை நிஜமாகவே காரில் மாட்டுவார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. சீர் என்பது கொடுப்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள சமாச்சாரம். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஹாலில் போட்டு, சோறூட்டும்போது குழந்தையை அதில் உட்கார வைப்பார்கள் என்று இருந்தேன். நித்யா அந்த வாரமே உறையைக் கிழித்தாள். அவர்களுடைய புதுக் காரில், பின்சீட்டு பெல்ட்டின் கொக்கிகளெல்லாம் ஆசையாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. அவள் பிளேடை எடுத்து இடதுபக்க ஜன்னலோரத்தில் கவரை அறுத்துக் கொக்கியை வெளியே எடுத்தாள். அவள் புருஷன் நிதீஷ் இரண்டு நாள் பேசவில்லையாம்.

அதோடு விட்டாளா? குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி சீட்டைத் திருப்பி மாட்டினாள். சின்னக் குழந்தைக்குக் கழுத்து பலம் பத்தாது, அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சொன்னாள். சரி, படித்தவள், ஏதோ செய்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

குழந்தைக்குச் சைத்ரா என்று பெயர். ஒன்றே முக்கால் வயதில் உடுமலைப்பேட்டைப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்த ஏற்பாடானது. காதுகுத்தென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கோயிலில் மட்டுமில்லை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே மடியில் வைத்துக் கூட்டிப்போவதுதான் எங்கள் வழக்கம். மாமன் குழந்தையோடு வந்து இறங்குவான். மேளம் அடிப்பார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. பெண் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கே சலித்துவிட்டது. எனக்கென்று ஒரு குழந்தை எப்போது வருமோ, இந்த மடியாவது கிடைக்கிறதே என்று ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசேஷத்தன்று காலை ஆறு மணிக்குச் சரவணம்பட்டியில் நித்யா வீட்டுக்குப் போனேன். அவள் மாமனார் அங்கப்பன் எங்களைக் கூட்டிப்போக முதல்நாளே உடுமலையிலிருந்து வந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர். எந்தக் காரில் ஏறினாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து பெல்ட் கொக்கியில் செருகிவிடுவார். பெல்ட் போடாவிட்டாலும் வண்டி கத்தாது. பெல்ட் ஓரத்தில் சும்மா தொங்கும்.

"வாங்க மாப்ள," என்றார். "புள்ளைய வாங்கி மடியில வெச்சுக்குங்க. நல்ல நேரத்துல கெளம்பிப்போடலாம்."

நான் கையை நீட்டினேன். நித்யா குழந்தையைக் கொண்டுபோய்ச் சீட்டில் வைத்துப் பெல்ட்டை மாட்டினாள்.

"கோயல்ல உங்க மடிதானுங்கண்ணா. வழியில சீட்டு," என்றாள்.

"ஏனம்மணி," என்றார் அங்கப்பன், "சாமிகிட்டப் போறப்ப புள்ள முதுகக் காட்டீட்டா போகோணும்?"

"திரும்பி வாரப்ப சாமியப் பாத்துட்டே வருவாளுங்க மாமா."

நிதீஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன், எங்கையில இருந்தா நழுவிருமா?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது கிலோ வார்ப்பிரும்பை ஒற்றை ஆளாகத் தூக்கி மெஷினில் கட்டுகிற கை. சைத்ரா பதினொரு கிலோ.

"உங்க பட்டறையில ஆராச்சும் கையில புடிச்சுட்டு ட்ரில் போட்டா உடுவீங்ளாண்ணா?"

விடமாட்டேன். இரும்பை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கிதான் வைஸ்; 'வைஸ்ல கட்டுடா' என்று நான் கத்துவது தெருமுனை வரை கேட்கும். "இரும்பும் புள்ளையும் ஒண்ணா?" என்றேன்.

"இரும்புக்கு மட்டும் வைஸ் வேணுமுங்ளா?"

பதில் இல்லாத இடத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். உர்ரென்று பின்சீட்டு நடுவில் ஏறி உட்கார்ந்தேன். குழந்தை பக்கத்திலாவது இரு என்று அந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நித்யா வலது ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கேயும் கவரை அறுத்து வெளியே எடுத்து வைத்திருந்த கொக்கியில் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். நடு சீட்டுக் கொக்கி கவருக்கு அடியில்தான் கிடந்தது. நான் தேடவும் இல்லை.

அங்கப்பனுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். காதுகுத்துக்கான பித்தளைத் தாம்பாளத்தை என் மடியில் வைத்தார். இரண்டு தேங்காய், வாழைச் சீப்பு, பட்டுப் பாவாடை, கம்மல் டப்பா. "இத கீழ வெக்கப்படாதுங்க மாப்ள. மாமன் கையிலயே வரட்டும்," என்றார். நான் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குழந்தையைப் பிடித்திருக்க வேண்டிய பிடியை அப்படியே தாம்பாளத்துக்குக் கொடுத்தேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் மற்ற சீரோடு பின்னால் வேனில் வந்தார்கள். சைத்ரா பின்கண்ணாடி வழியாக வேனைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள். நான் பொள்ளாச்சி வரை தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோமங்கலம் தாண்டியதும் தோப்புப் பாதையிலிருந்து பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று குறுக்கே வந்தது. நிதீஷ் பிரேக்கை மிதித்து வண்டியை இடதுபக்கம் ஒடித்தான். சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் முன்சக்கரம் ஏறி, ஒரு முட்டு முட்டி வண்டி நின்றது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என் கையில் தாம்பாளம் இல்லை. எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. விட்டேனா, பிடுங்கிக்கொண்டு போனதா, அதுவும் தெரியாது. நானே இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் முழங்காலிட்டுக் கிடந்தேன். தாம்பாளம் அங்கப்பனின் தோளில் இடித்து அவர் காலடியில் விழுந்திருந்தது. அவர் டேஷ்போர்டில் நெற்றியை முட்டி, 'முருகா' என்று பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தேங்காய் நேராகப் போய் முன்கண்ணாடியில் அடித்திருந்தது. அடித்த இடத்திலிருந்து நாலாபக்கமும் விரிசல் ஓடியிருந்தது.

எனக்கு முதுகுக்குப் பின்னால் சைத்ராவின் குரல் கேட்டது.

"மாமா காணோ."

அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த மாமன் திடீரென்று இல்லை. சீட்டில் முதுகு அழுந்த, பெல்ட்டுக்குள் அப்படியே இருந்தாள். அழக்கூட இல்லை. திரும்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்த இடத்தில் தேங்காய்க்குப் பதில் எது போயிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொபெட்காரர் ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். நித்யா இறங்கிக் குழந்தையைக் கழற்றித் தலை, கழுத்து, கைகால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு அவளை என் கையில் கொடுத்துவிட்டு மாமனாரைக் கவனிக்கப் போனாள். அப்போதுதான் வேன் வந்து நின்றது. அம்மா பதறிக்கொண்டு இறங்கியபோது பார்த்தது, உடைந்த கண்ணாடியும் என் கையில் குழந்தையும்.

"மாமன் மடியில இருந்ததால தப்பிச்சுதே என்ற கண்ணு," என்று என் முகத்தைத் தடவி அழுதாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துக் கோயிலில் இருந்தவர்களுக்கும் அதையே சொல்லியாகிவிட்டது.

வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. மெதுவாகவே போனோம். குழந்தையை நித்யா மறுபடியும் சீட்டிலேயே உட்கார வைத்தாள்.

கோயில் வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. திருஷ்டி கழித்தார்கள். மாலை போட்டார்கள். தலையில் உருமாலை கட்டினார்கள். சிங்கமாட்டம் புடிச்சிருக்காரு, தாய்மாமன் ரத்தமல்லவா என்று ஆளாளுக்கு ஒன்று. ஒரு மாதமாக நான் எதற்கு ஏங்கினேனோ அது வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. அங்கப்பன் நெற்றி வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு உண்மை தெரியும். பேசவில்லை. நித்யாவும் பேசவில்லை, என்னை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நானும் பேசாமல் இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உருமாலையும் நன்றாகத்தான் இருந்தது.

மொட்டை முடிந்து சைத்ரா என் மடிக்கு வந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். பக்கத்தில் அங்கப்பனின் அக்கா பொன்னாத்தாள், மருமகளோடு உட்கார்ந்திருந்தார். மருமகள் கையில் ஆறு மாதக் குழந்தை. அந்தப் பெண் சற்றுமுன் நித்யாவிடம் அந்த சீட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன்.

"பாத்தியா அம்மணி," என்றார் பொன்னாத்தாள் மருமகளிடம். "சீட்டாமா சீட்டு. மடியாட்டம் வருமா? நாம அதெல்லாம் வாங்க வேண்டாம். நாளைக்கு ஈரோட்டுக்குப் போறப்ப நானே மடியில வெச்சுக்கறேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். குழந்தை அவள் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஆசாரி, சித்தே பொறுங்க," என்றேன். "அத்தை, சைத்ரா என்ற மடியில வருலீங்க. சீட்டுல பெல்ட் போட்டு வந்தா. என்ற கையில தாம்பாளம்தான் இருந்துச்சு. கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன். பறந்துபோச்சுங்க. அந்தத் தேங்காதான் கண்ணாடிய ஒடைச்சுது."

மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னை முறைத்தாள். ஊர் முன்னால் கிடைத்த பெருமையைக் கையாலேயே கொட்டிவிட்டானே என்ற கோபம் அவளுக்கு.

"நெசந்தானுங்க அக்கா," என்றார் அங்கப்பன் தோளைத் தடவிக்கொண்டு. "தாம்பாளம் என்ற மேலதான் வந்து உளுந்துச்சு."

பொன்னாத்தாளுக்குத் தாங்கவில்லை. "அப்பறம் தாய்மாமன்னு ஒருத்தன் எதுக்கு?" என்று கேட்டார்.

"சீட்டு வாங்கிக் குடுக்கறதுக்குங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. மருமகள் மட்டும் தன் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, குறித்து வைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ஆசாரி குத்தினார். சைத்ரா வீறிட்டுத் துள்ளினாள். ஓடுகிற வண்டியில்கூட இல்லை, நான் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே அவளுடைய ஒரு கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மொட்டையடித்தவரிடம் ஒரு புது பிளேடு வாங்கிக்கொண்டேன். பின்சீட்டு நடுவில் கவரைத் தடவிப் பார்த்து, தையலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அறுத்தேன். நிதீஷ் பார்த்துக்கொண்டே நின்றான். கையை உள்ளே விட்டுக் கொக்கியை வெளியே இழுத்து என் பெல்ட்டை மாட்டினேன். தாம்பாளத்தை டிக்கியில் வைத்துவிட்டேன்.

முன்னால் அங்கப்பன் கிளிப்பைக் கழற்றினார். எறிந்துவிடுவார் என்று பார்த்தேன். பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"புள்ளைக்கு மாட்டியாச்சுங்ளா மாப்ள?"

"மாட்டியாச்சுங்க மாமா," என்றேன். மாட்டியது நான்தான்.