அடக்கமா ஒரு பொண்ணு வேணும்

என் மகளுக்கு வாய் நீளம். அதற்கு நான்தான் காரணம் என்று அவளுடைய அப்பா சொல்வார். லாரி ஓட்டப் போய் எப்போதோ ஒருநாள் வீட்டில் தலைகாட்டும் மனிதருக்கு அப்படிச் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் பிஸ்கட் அக்கா வந்த அன்று அவள் பேசிய பேச்சு என்னிடம் கற்றதல்ல. அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

பிஸ்கட் அக்கா எனக்கு உறவில்லை. தையல் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து மெஷினில் இருந்தவள். பிறகு எங்கெங்கோ போய், நல்ல கைப்பையும் நல்ல செருப்புமாகத் திரும்பி வந்தாள். எப்போது வந்தாலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வருவாள், அதனால் அந்தப் பெயர். என் மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். நம் பேச்சில் அந்நியர் என்று யார்தான் இருக்கிறார்கள்? வாசலில் நின்றால் அண்ணன், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் மாமா.

அன்றைக்கு எங்கள் ஒற்றை அறையில் உட்கார இடமில்லை. பள்ளித் திறப்புக்காக நான் தைத்துப் போட்டிருந்த சீருடைகள் கட்டில் முழுக்கக் கிடந்தன. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அக்காவுக்குக் கொடுத்தேன். டீயை வாங்கிக்கொண்டதும் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"ஒரு பெரிய வீடு இருக்கு. வயசான ரெண்டு பேருதான். கூடமாட இருந்தா போதும். சாப்பாடு, துணிமணி எல்லாம் அவங்க பொறுப்பு. சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்புவாங்க. உன் பொண்ண ராணி மாதிரி வெச்சுப்பாங்க."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பத்தாவதுக்கு மேல் இவளை என்ன செய்வது என்று மெஷினை மிதித்துக்கொண்டே யோசிக்கிறவள் நான். 'சரிக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க இருக்கு பெரியம்மா அந்த வீடு?"

"கொஞ்சம் தூரம்டா கண்ணு."

"தூரம்னா எந்த ஊரு, எந்தத் தெரு?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணால் மகளை முறைத்தபடி. அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"அவங்க பேரு என்ன? நான் அவங்ககிட்ட போன்ல பேசலாமா? கூடமாடன்னா என்னென்ன வேலை? எனக்குப் பிடிக்கலேன்னா மறுநாளே திரும்பி வர முடியுமா?"

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். பாதி டீ அப்படியே இருந்தது.

"என்னடி இது? உன் பொண்ணு என்னைப் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்ச மாதிரி கேக்குது? நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா?"

என் மானம் கப்பலேறியது. வீடு தேடி நல்லது சொல்ல வந்தவளை என் வயிற்றில் பிறந்தது நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. "மன்னிப்புக் கேளுடி," என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "மன்னிச்சிருங்க பெரியம்மா." அதோடு விட்டிருக்கலாம். "ஆனா நீங்க இன்னும் பதில் சொல்லலை," என்றாள்.

அறைந்தேன். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டியிருந்த அங்குஸ்தானைக் கழற்றக்கூட இல்லை. அவள் கன்னத்தில் அது வட்டமாகப் பதிந்தது.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விடு விடு, சின்னப் புள்ள. ஆனா இப்படி வாய் இருக்கறதுங்க அங்க சரிப்பட்டு வராது. அடக்கமா ஒரு பொண்ணு இருந்தா சொல்லு."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெண் வேண்டாம் என்று அவள் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவமானத்துக்கு அடியில், மெத்தைக்குக் கீழே ஒளித்துவைத்த பொருள் மாதிரி, அது இருந்தது. எதற்கு இந்த நிம்மதி என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா முகம் சுளித்துக்கொண்டு படியிறங்குகிறாளே, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதிலேயே குறியாக இருந்தேன்.

"அக்கா, நம்ம இஸ்திரி அண்ணனோட பொண்ணு இருக்காளே. தாயில்லாப் புள்ள. நாலு அடி அடிச்சாலும் வாயத் திறக்க மாட்டா."

என் வாயால்தான் சொன்னேன். அக்காவின் முகம் உடனே மலர்ந்துவிட்டது.

தெருமுனையில் தகரக் கூரைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவர் அவர். நான் தைப்பதெல்லாம் அவர் கையில்தான் மடிப்பு வாங்கும். என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய மகளுக்குத் தெருவில் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. என் மகளுடைய வகுப்புதான். அதே பதினைந்து வயது.

அன்று கன்னத்தைத் தடவிக்கொண்டே என் மகள் சொன்னாள். லீவிலும் சனிக்கிழமைகளில் பள்ளியில் ஒரு டீச்சர் தனியாக வகுப்பு எடுக்கிறாராம். வேலை தருகிறேன் என்று யார் வந்தாலும் நாலு கேள்வி கேட்கவேண்டும்: எங்கே, யாரிடம், என்ன வேலை, நினைத்தால் திரும்பி வரலாமா. பிள்ளைகளுக்குக் கூச்சம் போகவேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்கவைத்துப் பழக்குகிறாராம். "கேக்கறது மரியாதைக் குறைவில்லை. நல்லவங்கன்னா பதில் சொல்லுவாங்க. கோவம் வந்தா, பதில் இல்லேன்னு அர்த்தம்னு டீச்சர் சொன்னாங்க."

"உங்க டீச்சருக்கு வேற வேலை இல்ல," என்றேன். "பூனையும் அந்த வகுப்புக்கு வருதா? அது இப்படியா ஆடுது?"

"அவ எங்க வர்றாம்மா? சனிக்கிழமைன்னா நீங்க தைச்ச துணியையெல்லாம் அவதானே வீடு வீடா கொண்டுபோறா."

நான் மெஷினை வேகமாக மிதித்தேன்.

அடுத்த வாரம் காலையில் பூனை வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு புது உடுப்பு. அவளைவிட இரண்டு அளவு பெரியது. பிஸ்கட் அக்கா வாங்கிக் கொடுத்ததாம். இடுப்பைப் பிடித்துத் தரவேண்டுமாம், பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறாளாம். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, திருப்பி நிறுத்தி இடுப்பில் குண்டூசி குத்தினேன். உடம்பில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, எலும்பும் தோலும். என் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"எந்த ஊருடி?"

"தெரியல."

"யாரு வீடு?"

"பெரியம்மாவுக்குத் தெரியும்." பூனை வெட்கத்தோடு சிரித்தாள். "யாராச்சும் வயசு கேட்டா பத்தொன்பதுன்னு சொல்லணுமாம். போனை அப்பாகிட்டயே குடுத்துட்டு வரச் சொன்னாங்க. அங்க தேவைப்படாதாம்."

என் கை நின்றுவிட்டது. வாயில் இரண்டு குண்டூசிகள் வைத்திருந்தேன். அவற்றைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா? உடுப்பைத் தைத்துக் கொடுத்து, "பத்திரமா போயிட்டு வாம்மா" என்றேன். நானே காட்டிக்கொடுத்த இடத்தை நானே எப்படிக் குறை சொல்வது என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கை அன்றைக்கே பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

அவள் போனதும் என் மகள், வாய் நீளமானவள் பேசாமல் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு என் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "நீங்க வரீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பூனை. பக்கத்தில் பிஸ்கட் அக்கா, மடியில் கைப்பை. கீழே இஸ்திரி அண்ணன், சட்டைக்குத் தானே மொடமொடவென்று மடிப்பு எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

"வழியனுப்ப வந்தியா தங்கச்சி? உன் புண்ணியத்துல எம்பொண்ணுக்கு ஒரு வழி பொறந்துது."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்டாலே போகிற காரியம் கெட்டுவிடும் என்று வளர்ந்தவள் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"என்னடி, புறப்படற நேரத்துல?"

"எந்த ஊரு, யாரு வீடு? அவங்களுக்கு இப்பவே போன் போடுங்க. அண்ணன் பேசட்டும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "உனக்குப் பைத்தியமா? நீதானே இவளைச் சொன்னே!" என்று அக்கா கத்தினாள். இஸ்திரி அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூனை, நீயே கேளுடி," என்றாள் என் மகள்.

பூனை அக்காவின் பக்கம் மெல்லத் திரும்பினாள். "எனக்குப் பிடிக்கலேன்னா... திரும்பி வரலாமா பெரியம்மா?"

"வாய மூடிட்டு உக்காரு!" அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குரலை அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கண்டக்டருக்கும் அது போதுமானதாக இருந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பொண்ணு கீழ இறங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார். பூனை இறங்கினாள். டீச்சர் இரண்டு போலீஸ்காரர்களோடு பஸ் ஸ்டாண்டு வாசலிலிருந்து ஓடிவருவதைப் பார்த்ததும் அக்கா பின்பக்கக் கதவு வழியாக இறங்கப் போனாள். அவளைப் பிடித்து அழைத்துப்போகும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து மெஷினில் இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

கூட்டம் கலைந்தது. என் மகள் பூனையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பெரிய உடுப்பில் நான் போட்ட தையல், இழுத்த இழுப்பில் பிரிந்திருந்தது. இஸ்திரி அண்ணன் மகளுடைய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி," என்றார். குரலில் சூடே இல்லை. "முதல்ல உன் பொண்ணைத்தான் கேட்டேன்னு அந்தம்மா சொல்லுச்சு. அவ்வளவு நல்ல இடம்னா, உன் பொண்ணை ஏன் அனுப்பல?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஓடிவந்து காப்பாற்றியவளையா இப்படிக் கேட்பது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

பக்கத்தில் என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.