மாதிரி எண் இரண்டு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உதயகுமாரின் பட்டறைக்கு நல்ல பெயர். பம்புக்குள் ஓடும் பிஸ்டன்களுக்கு அவர் அடித்துத் தரும் பூச்சு, எண்ணெய் போடாமலே வழுக்கும்; ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கிறதே, அந்த இனம். ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து அந்தப் பூச்சில் பொட்டுப் பொட்டாகக் குழி விழ ஆரம்பித்தது. வாங்குகிற கம்பெனி இரண்டு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. சரக்கு திரும்பினால் பழி யார் தலையிலாவது விழ வேண்டுமே, அஞ்சலையின் தலையில் விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, அவள் தலையில் தடவும் எண்ணெய்மேல்தான் விழுந்தது.

அஞ்சலை அயனம்பாக்கத்திலிருந்து பதினோரு வருஷமாக வருகிறவள். பூச்சு அடிக்குமுன் பிஸ்டன்களைத் துடைத்துக் கம்பியில் மாட்டுவது அவள் வேலை. எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அவள் தலை எப்போதும் தேங்காய் எண்ணெயில் பளபளக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள், வழக்கு முடிந்தது. நாலு நாள் ஷாம்பூ போட்டுக் குளித்து, தேங்காய் நார் மாதிரித் தலையோடு வந்து பார்த்தாள். குழி நிற்கவில்லை. துடைக்கிற துணியில் ஊறியிருக்கும் என்றார் உதயகுமார். சாதுவான மனிதர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். எதிர்ச்சாரி லேபில் பிஸ்டனைக் கொடுத்திருப்பதாகவும், எண்ணெய் என்று வந்தால் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படியும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வேலை போவதுகூடப் பெரிதில்லை. சரக்கைக் கெடுத்தவள் என்ற பெயர் எஸ்டேட் முழுக்க அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அப்புறம் எந்தக் கம்பெனி கேட்டில் உள்ளே விடுவார்கள்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை ரோட்டைத் தாண்டி லேபுக்குப் போனாள். இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆய்வு செய்யும் வித்யா, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். தனியாள் கொண்டு வருவதை வாங்க எங்களுக்கு விதியில்லை அக்கா என்று தயங்கினாள்.

"இத்தயும் பாத்துடுங்க மேடம். என் தலைல கீறது இதான். தப்பு இதுலதான் கீதுன்னா நானே நின்னுக்குறேன். பாக்காம சொன்னா மனசு தாங்காது."

வித்யா பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு உதயகுமாருக்குப் போன் போட்டு, ஒப்பிட்டுப் பார்க்க இதுவும் வேண்டும் என்று சம்மதம் வாங்கினாள். பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டி, 'மாதிரி எண் இரண்டு: திருமதி அஞ்சலை, தலை எண்ணெய்' என்று தமிழிலேயே எழுதினாள். பதினோரு வருஷத்தில் பட்டறையின் எந்தக் காகிதத்திலும் ஏறாத பெயர். அஞ்சலை அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள்.

வியாழக்கிழமை உதயகுமார் அவளையும் கூட்டிக்கொண்டுதான் லேபுக்குப் போனார். குழிகளைக் கழுவி எடுத்த கசடை மெஷினில் வைத்து வரைந்த கோடு ஒன்று, எண்ணெயின் கோடு ஒன்று. இரண்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள் வித்யா.

"தேங்காய் எண்ணெய்னா இந்த இடத்துல மேடு வரணும். குழியில அது இல்லவே இல்ல சார். இருக்கிறது சிலிகான். பளபளப்புக்கு அடிக்கிற பாலிஷ்ல வரும். காத்துல பறந்து போய் உக்காந்தாலே பூச்சைக் கெடுத்துடும். பட்டறையில யாராவது அப்படி அடிச்சாங்களா?"

அஞ்சலைக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பூஜைக்கு முதல் நாள் கம்பி, பூச்சு அடிக்கிற கூண்டு, அதைச் சுடுகிற அடுப்பின் கதவு எல்லாம் மின்ன வேண்டும் என்று புஸ் புஸ்ஸென்று அடித்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சாமிக்காகச் செய்தது. சொன்னால் பழி அடியோடு விலகும், ஆனால் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. 

"நான்தாம்மா அடிச்சேன். கார் டேஷ்போர்டுக்கு வச்சிருந்த ஸ்பிரே" என்றார் உதயகுமார்.

அஞ்சலைக்குக் கண் நிறைந்துவிட்டது. வித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ நல்லா இருக்கணும் தாயி என்று மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

அன்றைக்கே ஸ்பிரே டப்பா வெளியே போனது. கம்பிகளை எரித்துச் சுத்தம் செய்து, கூண்டைக் கழுவி, வெள்ளிக்கிழமை காலையில் ஐம்பது பிஸ்டனுக்குப் பூச்சு அடித்தார்கள். ஒன்றில்கூடக் குழி இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பட்டறையில் கற்பூரம் காட்டுவது முதலாளிதான். அஞ்சலை கடைசி வரிசையில் நிற்பாள். அன்று உதயகுமார் தட்டைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"நீ காட்டு அஞ்சல. உன் தலைமேல போட்ட பழி எம்மேல போட்டிருக்க வேண்டியது."

அவள் எண்ணெய் தடவி, பின்னி, பூ வைத்து வந்திருந்தாள். கூண்டுக்குக் காட்டினாள், அடுப்புக்குக் காட்டினாள். அப்புறம் தட்டோடு வாசலுக்கு வந்து, எதிர்ச்சாரி லேபைப் பார்த்து கற்பூரத்தை நிதானமாக மூன்று சுற்றுக் காட்டினாள். பட்டறைக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உதயகுமார் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்று, அதே திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.