பிசாசு விழ வேண்டிய இடம்

"இன்னொரு தடவை" என்றான் அன்செல்மோ.

ஃபெர்மின் சிமெண்டுத் தரையிலிருந்து எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "எத்தனை தடவ சார் விழறது? நரகத்துக்குப் போற வழியே தேஞ்சுபோச்சு."

இடையர் வேஷத்துக்குப் போர்வை சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்செல்மோ சிரிக்கவில்லை. யாரெட்சியைப் பார்த்தான்.

யாரெட்சிதான் தேவதூதன் மிகேல். முதுகில் அட்டைச் சிறகு, கையில் விளக்குமாற்றுக் கம்பில் செய்த வாள். ஃபெர்மின் பிசாசு. குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகும் இடையர்களைப் பிசாசு வழிமறிக்கும். கடைசியில் மிகேல் வந்து ஒரு வரி சொல்வான். பிசாசு விழும். டிசம்பர் வந்தால் மலையோரத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் இந்த நாடகம்தான்.

"உன் இருட்டை எடுத்துக்கிட்டு..." என்றாள் யாரெட்சி. நிறுத்தினாள். "போயிடு."

அன்செல்மோ கண்ணை மூடியிருந்தான். அந்த நிறுத்தம் அவன் மனைவி மரிக்ரூஸுடையது. வார்த்தையின் வாலை லேசாக விழுங்குவதும் அவளுடையது. அவள் வேராக்ரூஸ் துறைமுகத்துக்காரி. பிசாசை விரட்டுகிற வரியை, பிரிய மனமில்லாத ஒருவரை வாசல்வரை வந்து வழியனுப்புவதுபோல் சொல்வாள். இந்தப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தது அவள்தான். எழுதிக் கொடுக்கமாட்டாள். ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, காதில் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பாள். போன டிசம்பரில் யாரெட்சிக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். மார்ச்சில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

கைப்பேசியில் அவள் குரல் இருக்கிறது. 'வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வா.' 'சாவிய எங்க வச்ச?' அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு அது தக்காளியாகவும் சாவியாகவுமே ஆகிவிட்டது.

இந்த வருஷம் நாடகம் வேண்டாம் என்றுதான் தலைமையாசிரியை ஒப்துலியா சொன்னார். அன்செல்மோ ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். நாடகம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் நடத்துகிறேன் என்றான். மனைவியின் நினைவுக்காகச் செய்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி.

"இன்னொரு..."

"சார், நான் ஒண்ணு கேக்கணும்." யாரெட்சி வாளைக் கீழே வைத்தாள். "அஞ்சாவது வந்தா நீதான் பிசாசுன்னு டீச்சர் எங்கிட்ட சொல்லியிருந்தாங்க."

அவனுக்குத் தெரியும். அந்தச் சமயம் அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

"நீ மிகேலை நல்லா பண்ற."

"நல்லால்லாம் பண்ணல சார். டீச்சர் மாதிரி பண்றேன். எங்கம்மாகூட சிரிக்கிறாங்க, கடக்கரைக்காரி கணக்கா பேசறடின்னு." கால் விரலால் தரையைக் கீறினாள். "பிசாசுன்னா கூட்டத்துக்குள்ள இறங்கி ஓடலாம். யார் மடியில வேணா உக்காரலாம். எனக்கு அதுதான் சார் வேணும். போன வருஷத்துலேருந்து."

"குடுத்துருங்க சார்" என்றான் ஃபெர்மின். "எனக்கு உக்காரவே முடியல."

அன்செல்மோ குனிந்து அவள் முதுகிலிருந்த சிறகின் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஃபெர்மின் மிகேலானான். காஸ் சிலிண்டர் விற்கிறவனைப்போல் கத்தினான். யாரெட்சி அசையவில்லை. பன்றிப்பல் பதித்த மர முகமூடிக்குள்ளிருந்து, "விழத் தோணல" என்றாள்.

"விழுடி! உனக்காக நான் சும்மா சும்மா விழுந்தேன்ல?"

"அது உன் தலையெழுத்து. வார்த்த வந்து மேல இடிக்காம விழக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"சார், எப்படிச் சொல்லணும்னு நீங்களே சொல்லிக் காட்டுங்க" என்றான் ஃபெர்மின்.

அந்த வரியின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அவனுக்குத் தெரியும். எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம். வாயைத் திறந்தான். "உன் இருட்டை எடுத்துக்கிட்டு... போயிடு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு சார்" என்றது ஓர் இடையனின் குரல்.

"யாரெட்சி, நீ இவனுக்குச் சொல்லிக் குடு."

முகமூடியைத் தூக்கிவிட்டு அவள் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள். உதட்டைப் பிதுக்கினாள். "வரமாட்டேங்குது சார். பிசாசு குரல்லதான் வருது."



நாடகத்தன்று மதியம், மலைக்குளிரிலும் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. அம்மாக்கள் பானைகளில் சோளக்கஞ்சி கொண்டுவந்திருந்தார்கள். அன்செல்மோ திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். திரை என்பது கூடைப்பந்துக் கம்பங்களுக்கு நடுவே கட்டிய படுக்கை விரிப்புகள். ஃபெர்மினுக்கு இன்றைக்காவது வந்துவிடும் என்று ஓர் ஆசை. அவன் காதிலும் மரிக்ரூஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உள்ளே எங்காவது கிடக்கும்.

ஃபெர்மின் கத்தினான். பிசாசு வாலால் விசிறிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

மெதுவாகச் சொன்னான். பிசாசு இறங்கிப்போய்த் தலைமையாசிரியை மடியில் உட்கார்ந்தது. "ஐயோ, எழுந்திரு பிள்ள, வெயிட்டா இருக்க!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிசாசு தாவி மேடைக்கு வந்தது. நின்றது. விழவில்லை.

ஃபெர்மினின் உதடு துடிப்பது திரைக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அன்செல்மோ கண்ணை மூடிக்கொண்டான். இப்போது வரும். நிறுத்தம், பிறகு அந்த வார்த்தை.

"போயேண்டி" என்றான் ஃபெர்மின். வாள் கீழே விழும் சத்தம் கேட்டது. கூட்டத்துக்காக இல்லாமல் அவளிடம் மட்டும், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னான். "எனக்குக் குளிருதுடி. நீ விழுந்தாத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போக முடியும்."

அன்செல்மோ கண்ணைத் திறந்தான். யாரெட்சி முழங்காலில் சரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் கிடந்தாள். உண்மையிலேயே ஏதோ இடித்த மாதிரி விழுந்தாள். பிறகுதான் கைதட்டல் எழுந்தது.

அன்செல்மோ கண்ணைத் திறந்தான். அந்த வரியை இந்த வருஷம் யாரும் சொல்லவில்லை. இனி யாரிடமும் அது இல்லை. மரிக்ரூஸ் இங்கே இருந்திருந்தால் ஃபெர்மினைத் தூக்கிச் சுற்றியிருப்பாள். அது அன்செல்மோவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இடையர்கள் பாடி முடித்தார்கள். கைதட்டலும் ஓய்ந்துகொண்டிருந்தது. கயிற்றை இழுக்க வேண்டியது அவன் வேலை. இழுத்தால் முடிந்துவிடும். கொஞ்சம் பிடித்துக்கொண்டே நின்றான்.

"சார், திரை!" தரையில் கிடந்த பிசாசு பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது. "முதுகு சில்லுங்குது சார், சீக்கிரம்!"

இழுத்தான். துணி பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் இழுத்தான்.