ஜவுளிக்கடைக் கண்ணாடியில் மோதிய கதிர்க்குருவி

தங்காக் நகரில் யோகேஸ்வரியின் ஜவுளிக்கடைக்கு அன்று காலை மூன்று பெண்கள் புடவை எடுக்க வந்திருந்தார்கள். மணப்பெண் வலேரி, அவளுடைய அம்மா பேட்ரிசியா, மாப்பிள்ளை ரூபேனின் அம்மா ராசம்மா. ஜனவரியில் கல்யாணம். காலையில் சர்ச், மாலையில் மண்டபத்தில் விருந்து. சர்ச்சுக்கு வெள்ளை என்பதில் யாருக்கும் பேச்சில்லை. விருந்துக்கு என்ன நிறம் என்பதில்தான் சிக்கல்.

சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு அம்மாக்களும் அளவுக்கு மீறி மரியாதையாக இருந்தார்கள்.

"நீங்க பார்த்து எடுங்க, ரூபேன் அம்மா" என்பார் பேட்ரிசியா. ராசம்மா ஓர் அரக்குப் பட்டைத் தொட்டதும் பேட்ரிசியாவின் முகம் சுருங்கும்.

"வலேரி அம்மா சொன்னா சரிதான்" என்பார் ராசம்மா. பேட்ரிசியா வெளிர் ரோஜாவை விரித்துக் காட்டினால் ராசம்மா மின்விசிறியைப் பார்ப்பார்.

நடுவில் வலேரி கால் வலிக்க உட்கார்ந்திருந்தாள். சிகாமட் ஊரில் ஒரு பல் கிளினிக்கில் அவளுக்கு வேலை. விடுமுறை நாள்களில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போய்விடுவாள். வருங்காலக் கணவன் ரூபேந்திரனுக்கு அது தெரியும். மாமியாருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கடையின் முன்பக்கக் கண்ணாடியில் 'டொக்' என்று ஏதோ மோதியது.

யோகேஸ்வரிதான் முதலில் வெளியே போனார். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பச்சையும் சாம்பலுமாக ஒரு சின்னப் பறவை மல்லாந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. எதிர்ப்பக்க மரங்கள் கண்ணாடியில் தெரிந்ததால் அதையே காடு என்று நினைத்துப் பறந்து வந்திருக்கிறது.

"ஐயோ, குஞ்சு. கூட்டிலிருந்து விழுந்திருச்சு போல" என்றார் ராசம்மா. "கொஞ்சம் பால் இருந்தா குடுங்க."

"பால் வேணாம் ஆன்ட்டி" என்று வலேரி எழுந்து வந்தாள். "இது குஞ்சு இல்ல. பெருசானாலே இவ்ளோதான் இருக்கும். மயங்கியிருக்கு. தண்ணிகூட ஊத்தக் கூடாது. ஒரு பெட்டியில போட்டு இருட்டா, சத்தமில்லாம வச்சா தானா தெளியும்."

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். மூன்று வருடமாக உச்சாணிக் கிளைகளில் இந்தச் சின்னப் பச்சைப் பறவைகளைத் துரத்திக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு தடவைகூட இலைகளுக்கு வெளியே முழுசாக நின்றதில்லை. இப்போது ஒன்று எதிரிலேயே கிடக்கிறது. அவசரமாகப் போனில் நாலைந்து படம் எடுத்தாள். யோகேஸ்வரி ஒரு புடவைப் பெட்டியின் மூடியில் துளை போட்டு, அடியில் பருத்தித் துணி விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடினார்.

"என்ன குருவி இது?" என்று பேட்ரிசியா கேட்டார்.

"கதிர்க்குருவியில ஒரு வகைம்மா. எந்த வகைன்னுதான் தெரியணும். வால் அடியில மஞ்சளா இருந்தா ஒண்ணு, வெள்ளையா இருந்தா இன்னொண்ணு. உச்சந்தலையில நடுக்கோடு இருக்கான்னும் பார்க்கணும்." வலேரி படத்தைப் பெரிதாக்கினாள். "தலையில கோடு இல்ல. ஆனா இந்த லைட்ல எல்லாமே மஞ்சளாத் தெரியுது."

"போன் கலரை நம்பாதம்மா" என்றார் யோகேஸ்வரி. "எத்தனை கஸ்டமர் போட்டோவைப் பார்த்து ஆர்டர் பண்ணிட்டு என்கிட்ட வந்து கத்தியிருக்காங்க. நான் வெளிச்சத்துல பார்த்தேன். வயிறு வெள்ளை."

"மஞ்சள்" என்றார் ராசம்மா உறுதியாக.

"மஞ்சள் எங்க இருந்துச்சு? நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்று பேட்ரிசியா திருப்பிக் கேட்டார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவர் குரலில் மரியாதை குறைந்தது. "வெள்ளையேதான்."

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். மஞ்சள் ஓடியிருந்துச்சு."

யோகேஸ்வரி ரவிக்கைத் துணிகளை எடுத்து மேசையில் வரிசையாகப் போட்டார். எலுமிச்சை, வெண்ணெய், சந்தனம், தேங்காய்ப்பால். "அக்கா, எந்த மஞ்சள், காட்டுங்க."

ராசம்மா யோசித்து வெண்ணெய் நிறத்தைத் தொட்டார். பேட்ரிசியா தேங்காய்ப்பாலைத் தொட்டார்.

"ஆன்ட்டி, இதை எங்க பார்த்தீங்க?" என்று கேட்டாள் வலேரி.

"புருவத்துலதான். கண்ணுக்கு மேல நீளமாப் போகுதே, அது."

"நான் வாலுக்கு அடியில சொல்றேன்" என்றார் பேட்ரிசியா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்ரிசியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரி" என்றாள் வலேரி. "புருவம் மஞ்சள், வாலடி வெள்ளை. அப்ப இது ஆர்க்டிக் வார்ப்ளர். சைபீரியாப் பக்கத்துல முட்டை வச்சுட்டு, குளிருக்கு முன்னாடி இங்க வந்துரும். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது. அச்சு அசலா இதே மாதிரி இன்னும் ரெண்டு வகை இருக்கு. குரலை வச்சுத்தான் பிரிக்கணும்."

"சைபீரியாவா?" ராசம்மா பெட்டியைப் பார்த்தார். "இவ்ளோண்டு உடம்பை வச்சுக்கிட்டு. நம்ம பையன் இங்க இருக்கிற கெலாங் பாத்தாவுல இருந்து வீட்டுக்கு வரவே அலுத்துக்கிறான்."

பறவை தெளியும்வரை யாருக்கும் அங்கிருந்து நகர மனமில்லை. பேசிக்கொண்டே புடவை பார்த்தார்கள். குருவியின் முதுகு நிறத்தில் யோகேஸ்வரி ஒரு பட்டு எடுத்துப் போட்டார். "இதைக் கட்டிக்கிட்டு மரத்தடியில நின்னா என்னை யாருக்கும் தெரியாது" என்று வலேரி அதைத் தள்ளிவிட்டு, ஒரு மயில்கழுத்து நீலத்தைத் தானே எடுத்தாள். இரண்டு அம்மாக்களும் சரியென்றார்கள்.

பெட்டிக்குள் கால் பிறாண்டும் சத்தம் கேட்டது.

கடைக்குப் பின்னால், கண்ணாடி இல்லாத பக்கமாக ஒரு ரம்புத்தான் மரம் நின்றது. வலேரி பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். குருவி ஒரு கணம் அவர்களைப் பார்த்தது. பிறகு விருட்டென்று கிளையில் போய் உட்கார்ந்து இறகைச் சிலிர்த்தது. வாயைத் திறக்கவில்லை.

நால்வரும் அண்ணாந்து நின்றார்கள். சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வர, ராசம்மா கையைக் காட்டி அதை மெதுவாகப் போகச் சொன்னார்.

குருவி இலைக்கு இலை தாவி எதையோ கொத்தித் தின்றது. பிறகு 'ட்ஸிட்' என்றது. கூர்மையாக, ஒரே ஒரு தடவை. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு தடவை.

வலேரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒலிப்பதிவில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிய குரல். "அதுதாம்மா. ஆர்க்டிக்கேதான்."

"அவ்ளோ தூரம் பறந்து வந்துட்டு இந்த ஒரு வார்த்தைதானா?" என்றார் ராசம்மா.

"கல்யாணத்துக்கு மட்டும்தான் பாடும் ஆன்ட்டி. அதுவும் அதோட ஊர்லதான். இங்க சாப்பிட வந்திருக்கு."

"அப்ப நாமளும் சாப்பிடப் போலாம். வாங்க சம்பந்தி" என்று ராசம்மா பேட்ரிசியாவின் கையைப் பிடித்தார். அந்த உறவுமுறை அவர் வாயிலிருந்து அன்றுதான் வந்தது. பேட்ரிசியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

நடந்துகொண்டே ராசம்மா மகனுக்குப் போன் போட்டார். "டேய் ரூபேன், புடவை கிடக்கட்டும், அதை அப்புறம் சொல்றேன். இங்க ஒரு குருவிடா, சைபீரியாவுல இருந்து வந்திருக்கு. நல்லாக் கேட்டுக்க, மஞ்சள் புருவத்துல மட்டும்தான். வாலடியில இல்ல. அதைத்தான் முதல்ல பார்க்கணும்."