உப்பும் கரியும் போட்ட எர்த்

என் தம்பி கௌதமனுக்குக் கிட்டார்தான் பொண்டாட்டி என்று எங்கள் சொந்தத்தில் கேலி பேசுவார்கள். அப்படிப் பார்த்தால் அவன் வாங்கி வந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் அவனுக்கு மாமியார். பாட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலை நிறுத்த நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெயித்தது நான்தான். கொஞ்சம் தாமதமாகத்தான் ஜெயித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் மாசாணியம்மாள். சுந்தராபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஒரு பம்பு கம்பெனியில் காயில் சுற்றிவிட்டு, சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து சொந்தமாகப் போட்ட கடை. பொம்பளை கட்டிய மோட்டார் தண்ணி எடுக்குமா என்று கேட்டவர்கள் இப்போது கோடை வந்தால் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள்.

எங்கள் அப்பா மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றியவர். அம்மா அடுத்தவர் காட்டில் களை எடுத்தவள். அந்த வீட்டில் பிறந்த ஒருத்தன் கிட்டார் வாசித்துச் சோறு தின்கிறான் என்றால் எனக்கு எவ்வளவு பெருமை இருக்கும். கிருபாசங்கர் நடத்திய மெல்லிசைக் குழுவில் கௌதமன் ஆறு வருடமாகக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் மேடையில் நிற்கும்போது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்காமலேயே அது என் தம்பி என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூற்றைந்தில் வால்பாறையில் துரைமார் காலத்துக் கிளப் ஒன்று பழைய சாமான்களைக் கழித்தபோது அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வாங்கி வந்தான். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போல ஐந்து கண்ணாடி வால்வு. வந்த அன்றே சுவிட்சைப் போட்டான், கருகல் வாடை அடித்தது. கருகல் வாடை என்றால் அது என் இலாகா. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, சுற்றுகளை எண்ணி எண்ணிப் பிரித்து, அதே கணக்குக்குப் புதுக் கம்பி சுற்றினேன். பெட்டி உயிர் பெற்றது. கூடவே முனகலும் வந்தது.

நான் விடவில்லை. மின்சாரத்தின் அலையை அடக்க வேண்டிய கண்டன்சர்கள் இரண்டும் வயிறு உப்பிக் கிடந்தன, மாற்றினேன். முனகல் பாதியாகக் குறைந்தது. வால்வுகளைச் சூடாக்கும் கம்பிகள் பிரிந்து கிடந்தன, அவற்றைச் சடை மாதிரி இறுக்கி முறுக்கினேன். இன்னும் குறைந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும், அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அடுத்த டிரான்ஸ்ஃபார்மரைத் தொந்தரவு செய்யாது என்பது மோட்டார்காரிக்குத் தெரியாதா. திருப்பி வைத்ததும் சுத்தமாக நின்றது. என் கடையில், மேசை மேல், அந்தப் பெட்டி ஊமையாக நின்றது. கௌதமன் ஒரு கம்பியைத் தட்டினான். தேன் மாதிரி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கமில்லை.

இனி எர்த் சமாச்சாரம், அதாவது கசிகிற கரண்டை ஆளைத் தாக்காமல் மண்ணில் இறக்கும் கம்பி. கிணற்று மோட்டார் வேலையில் இருக்கிறவர்களுக்கு எர்த்துதான் குலதெய்வம். என் கடைக்கு வந்த மோட்டார்களில் மூன்று, ஆளைக் கொன்றுவிட்டு வந்தவை. மூன்றிலும் எர்த் கம்பி அறுந்து கிடந்தது. அதனால் கல்யாண மண்டபங்களின் எர்த்தை நான் நம்புவதே இல்லை. கௌதமனுக்கென்றே ஒரு ஏற்பாடு செய்து வைத்தேன். நான்கடி இரும்புக் கம்பி ஒன்று. மேடைக்குப் பின்னால் மண்ணில் குழி எடுத்து, மண் கரண்டை நன்றாக இழுக்க உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, கம்பியை அடித்து இறக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் நானே செய்த நாலு பாயிண்ட் பிளக் போர்டுக்கு வரும். கரண்ட் மண்டபத்துடையது, எர்த் என்னுடையது. கச்சேரி எந்த ஊராக இருந்தாலும் கௌதமனின் பெட்டி அந்தப் போர்டில்தான் செருகப்படும். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் குழி வெட்டினேன்.

அந்தப் பெட்டியோடு முதல் கச்சேரி உடுமலைப்பேட்டையில். கடையில் ஊமையாக நின்ற பெட்டி, மேடையில் பழையபடி முனகியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் முழுக்க ‘உம்ம்’. முன்வரிசையில் ஒரு பெரியவர், மண்டபத்தில் மாவு மில் ஓடுகிறதா என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிருபாசங்கர் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு தப்பைத் தாங்க மாட்டார். அந்த மாதம்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு வரவழைத்திருந்தார். அருள்குமார் என்பவர் வாசித்தார். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் கிட்டார். ஊரெல்லாம் அப்போது கிட்டார்காரர்களை அந்தப் பட்டன்தான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கௌதமனிடம் கிருபாசங்கர் மரியாதையாகத்தான் சொன்னார். வருகிற ஞாயிறு காங்கேயத்தில் எண்ணெய் மில்காரர் வீட்டு ரிசப்ஷன், அன்றைக்கும் இரைச்சல் வந்தால் அடுத்த கச்சேரியிலிருந்து கிட்டாரை அருள்குமாரே பார்த்துக்கொள்வார் என்றார்.

வியாழக்கிழமை ஒத்திகையிலும் என் எர்த்தில் செருகிய பெட்டி முனகியது. அப்துல் கையூம் பாய் ஒரு வழி சொன்னார். குழுவின் மைக்செட்டும், எல்லா வாத்தியத்தின் ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும் மிக்சரும் அவருடையவை, இருபது வருட அனுபவம். கௌதமன் பெட்டியின் மூணு பின் பிளக்கைக் கழற்றி, எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக் மாட்டினார். முனகல் போன இடம் தெரியவில்லை. கௌதமன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எல்லா மேடையிலும் இதுதானம்மா வழக்கம் என்றார் பாய்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. பெட்டியிலிருந்து மிக்சருக்குப் போகும் வயரைப் பிடுங்கிப்போட்டு, கிட்டார் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது, கம்பியில் கரண்ட் நின்றது. மேடையில் வயர் கழலாத கச்சேரி உண்டா. அது கழன்ற நேரத்தில் கௌதமன் கை கிட்டாரிலும் உதடு மைக்கிலும் இருந்தால் என்ன ஆகும் என்று பாயிடம் கேட்டேன். நான் அந்த ரெண்டு பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் பழைய பிளக்கை மாட்டினேன். முனகல் திரும்பி வந்தது.

கௌதமன் என்னை வெளியே கூட்டிப் போனான். கோபத்தில் அவன் குரல் எப்போதும் இறங்கிப்போகும்.

“ஏக்கா, ஞாயித்துக்கெழமையோட எனக்குப் பொழப்பு போயிரும். உன்ற பயத்துக்கு நான் ஊட்ல உக்காரோணுமா?”

“செத்துப்போட்டு என்ன பொழப்புடா கௌதமா?” என்றேன்.

காங்கேயம் போகும் வேனில் அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால் என் கம்பியோடும் கரி மூட்டையோடும் உட்கார்ந்தேன். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு வருட உழைப்பு அவனுடையது, பிடிவாதம் என்னுடையது. பல்லடம் தாண்டும் வரை அதையே நினைத்து நினைத்து எனக்கு அழுகை வந்தது.

மதியம் மூணு மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டினேன், உப்பு, கரி, தண்ணீர், எல்லாம் முறைப்படி. பெட்டியை என் போர்டில் செருகினான். மிக்சருக்கு வயர் கொடுத்தான். ‘உம்ம்.’

கிருபாசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அம்மணி, ஆறு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்துருவாங்க. அஞ்சரைக்கு நிக்காட்டி கிட்டாரை வண்டில ஏத்திருங்க.”

கௌதமன் யாரையும் பார்க்காமல் கிட்டாரை எடுத்து வைக்க அதன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். மேடை மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தேன். கடையில் முனகாத பெட்டி மேடையில் ஏன் முனக வேண்டும். கடையில் இல்லாதது மேடையில் என்ன இருக்கிறது. மிக்சருக்குப் போகும் வயர். அதைப் பிடுங்கினேன், முனகல் நின்றது. செருகினேன், வந்தது. பெட்டியில் கோளாறு இல்லை என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது.

அப்புறம் ஒன்று தோன்றியது. பெட்டிக்கு எர்த் என் கம்பி. மிக்சருக்கு எர்த் மண்டபத்துச் சுவர். மீட்டரை எடுத்து ஒரு முனையை என் எர்த்திலும் மறு முனையைச் சுவர் பிளக்கின் எர்த்திலும் வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாது. நாலு வோல்ட் காட்டியது. இரண்டு எர்த்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசம் முழுக்க, பெட்டியையும் மிக்சரையும் இணைக்கிற அந்த ஒல்லி வயர் வழியாக ஓடுகிறது. ஓடுகிற மின்சாரத்தைத்தான் ஸ்பீக்கர் நமக்குக் கேட்க வைக்கிறது. பாய் ரெண்டு பின் பிளக் மாட்டியதும் ஏன் நின்றது என்பதும் புரிந்தது. இரண்டு எர்த்தில் ஒன்று போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் உடுமலையில் முனகியதற்குக் காரணம் நான். என் தம்பிக்கு நல்லது செய்கிறேன் என்று குழி வெட்டிய நானேதான். அது உறைத்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

இனி எந்த எர்த்தை வைத்துக்கொள்வது. நூறு வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு வயரைக் கரண்டிலும் மறு வயரைச் சுவர் எர்த்திலும் கொடுத்தேன். எர்த் நன்றாக இருந்தால் பல்பு முழுதாக எரிய வேண்டும். அணைகிற பீடி மாதிரி லேசாகச் சிவந்தது. அதே வயரை என் கம்பியில் கொடுத்தேன். மேடையே பளிச்சென்று ஆனது. கௌதமன் கிட்டார் பெட்டியை மூடிவிட்டு எழுந்து வந்தான்.

மண்டபத்து எர்த் பேருக்குத்தான் இருக்கிறது என்று நான் சொல்லி வந்தது சரி. ஆனால் அது தெரிந்தும் நான் என்ன செய்திருக்கிறேன். நாலு பாயிண்ட் போர்டு செய்து, என் தம்பியை மட்டும் அதில் செருகிவிட்டு, மற்ற மூன்று பாயிண்டையும் சும்மா விட்டிருக்கிறேன். பாயும், அருள்குமாரும், மைக்கைப் பிடித்துப் பாடுகிற பிள்ளைகளும் அந்தச் செத்த எர்த்தில் எத்தனை மேடை ஏறியிருக்கிறார்கள். என் ரத்தம் மட்டும் பிழைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். அதற்குத்தான் அந்த முனகல் என்று எனக்குப் பட்டது.

நேராக அப்துல் கையூம் பாயிடம் போனேன். மைக்செட்காரர்கள் தங்கள் மிக்சரில் அடுத்தவர் கை படுவதைத் தாங்க மாட்டார்கள்.

“பாய், உங்க மிக்சரு, பெரிய ஆம்ப்பு, அருள்குமாரோட கீபோர்டு, எல்லாத்தையும் என்ற போர்டுலயே செருகுங்க. எல்லாத்துக்கும் ஒரே எர்த்து இருக்கோணும். இதை முன்னாடியே சொல்லாம இருந்தது என்ற தப்புங்க.”

பாய் பல்பைப் பார்த்தார். சுவர் எர்த்தில் ஒருமுறை தானே வைத்துப் பார்த்தார். மறுபடி என் கம்பியில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, சுவரிலிருந்து மிக்சர் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். இருபது வருட அனுபவம் உள்ள மனுஷர் அப்படிக் கொடுப்பதற்குப் பெரிய மனசு வேண்டும். அருள்குமார் தன் பிளக்கைத் தானே கொண்டுவந்தார். நாலு பாயிண்டும் நிறைந்தன.

அஞ்சு இருபத்தைந்துக்குப் பாய் எல்லாவற்றையும் ஆன் செய்தார். கௌதமன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, வால்வுகள் மெல்லச் சூடேறின. பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. வாசலில் யாரோ சந்தனம் கரைக்கிற பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கூடக் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

கிருபாசங்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடை ஏறி வந்தார்.

“ஏனுங்க, பெட்டியைப் போட்டுப் பாத்தாத்தானே தெரியும். ஆன் பண்ணுங்க.”

“ஆன்லதானுங்க இருக்குது,” என்றான் கௌதமன்.

அவர் நம்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். கௌதமன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடப் பொறுமை அவனுக்கு அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து ஆறு கம்பியையும் சேர்த்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். கிருபாசங்கர் இரண்டு அடி துள்ளி விழப் பார்த்தார். அருள்குமார் சிரிப்பை அடக்க முடியாமல் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அந்த ஒலி மண்டபத்தின் கடைசி வரிசை வரை போய், அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கிருபாசங்கர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அருள்குமாரைப் பார்த்து, கிட்டார் பட்டனை இனி அமுக்க வேண்டியதில்லை என்று சொன்னார். அடுத்த வாரத்துக் கச்சேரிக்குக் குழி எடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று பாயிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

ஆறரைக்குப் பாட்டு ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டில் கௌதமனுக்குத் தனியாக வாசிக்க ஒரு இடம். மற்ற எல்லா வாத்தியமும் நிற்கும், கிட்டார் மட்டும் போகும். உடுமலையில் அந்த இடத்தில்தான் முனகல் நன்றாகக் கேட்டது, அவன் அவசர அவசரமாக முடித்துக்கொண்டான். அன்றைக்கு அவன் அவசரப்படவில்லை. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது முழுதாக அடங்கும் வரை விட்டு, அந்த அமைதிக்குள் அடுத்ததைத் தட்டினான். சாப்பிடப் போன கூட்டம் பாதி வழியில் நின்று கேட்டது.

முடிந்ததும் கிருபாசங்கர் மைக்கை வாங்கி, கிட்டார் கௌதமன் என்று பெயர் சொன்னார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார். கௌதமன் கூட்டத்தைப் பார்க்காமல், மேடை ஓரத்தில் உப்புக் கையோடு நின்ற என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொன்றும் அடித்தேன்.